புதுப்பிப்பு: விற்பனை அறிக்கை ஓடும்போது தளம் திணறியது – தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. யாழ்ப்பாணத்திலிருந்து ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள் விற்கும் எங்கள் தளத்தில், காலை 9 மணிக்கு விற்பனை அறிக்கை எடுத்தால் பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும் என்று கேட்டிருந்தேன். கோடைகாலத்தில் அது டொரொண்டோவில் இரவு 11.30. கனடா ஓடர்கள் குவியும் நேரம்.

முதலில் தரவுத்தளத்தில் இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) போட்டுப் பார்த்தேன், பெரிய மாற்றமில்லை. அறிக்கை வருடம் முழுவதையும் வாசிக்கிறது, இன்டெக்ஸ் என்ன செய்யும்? கைகொடுத்தது, அறிக்கைக்கென்று வேறு சேர்வரில் போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகா (எங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் மாற்றங்களைத் தொடர்ந்து வாங்கும் நகல்) வைக்கச் சொன்ன அண்ணாவின் யோசனைதான். அறிக்கைகளை அங்கே திருப்பிவிட்ட அன்றே தளம் இலகுவாகிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று. நீண்ட அறிக்கைகள் ரெப்ளிகாவில் பாதியில் அறுந்தன, ‘ரிகவரியோடு மோதல்’ என்ற பிழையோடு. பிரதான தரவுத்தளத்தில் தேவையற்றுப்போன பழைய வரிகளை வாக்கூம் என்ற துப்புரவு வேலை அகற்ற, அந்த மாற்றம் ரெப்ளிகாவுக்கும் வருகிறது. அங்கே ஓடும் கேள்விக்கு (அறிக்கைக்காகத் தரவைக் கேட்கும் கட்டளை) அதே வரிகள் தேவைப்பட்டால், வழக்கமான அமைப்பில் 30 செக்கன் பொறுத்துவிட்டுக் கேள்வியை நிறுத்திவிடும். அந்தப் பொறுக்கும் நேரத்தைக் குறிக்கும் ‘மேக்ஸ் ஸ்டாண்ட்பை ஸ்ட்ரீமிங் டிலே’யை 15 நிமிடமாக்கினேன், சரியாகிவிட்டது. அந்நேரம் ரெப்ளிகா சற்றுப் பின்தங்கலாம். நேற்றைய கணக்குக்கு அது பரவாயில்லை. ரெப்ளிகாவுக்குத் தேவையான வரிகளை அகற்றாமல் வைக்கச் சொல்லும் ‘ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக்’கைத் தொடவில்லை. அதைப் போட்டால் பழைய வரிகள் பிரதான தரவுத்தளத்தில் தேங்கும், கடைசியில் பாரம் கடைக்கே திரும்பிவரும்.