தைப்பூச இரவில் ஃபிளாஷ் பயன்படுத்துவது எப்படி?

கேள்வி: பினாங்கில் தைப்பூசத்துக்கு முந்தைய நாள் ஜார்ஜ்டவுன் வீதிகளில் வலம் வரும் வெள்ளி ரதத்தை ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்தால், முன்னால் நிற்பவர்களின் முகங்கள் வெளுத்து, ரதம் இருளில் மூழ்கிவிடுகிறது. இதற்கு என்ன வழி, ஐயா?

பதில் 1: தூரம் இரட்டிப்பானால் ஃபிளாஷ் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதால், அதைக் கொண்டு ரதத்தை எட்ட முயலாமல், கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600க்கு உயர்த்தி, ஷட்டர் வேகத்தை 1/60 வினாடிக்குக் குறைத்து, ரதத்தின் சொந்த விளக்கொளியே பின்னணியைப் பதிவு செய்யும்படி விட்டுவிடுங்கள். ஃபிளாஷின் திறனை இரண்டு ஸ்டாப், அதாவது நான்கில் ஒரு பங்காக, குறைத்தால் முகங்கள் தப்பும்.

பதில் 2: ஃபிளாஷில் ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் வண்ணத் தாள்) பொருத்தினால் முகங்களின் நிறம் மஞ்சள் விளக்குகளோடு இசையும். திறந்த வீதியில் ஒளியை மேலே திருப்பிப் பயனில்லை. எதிரொளிக்கக் கூரை வேண்டுமே. தேங்காய் உடைப்பவர்களின் கண்ணுக்கு நேராக மட்டும் தயவுசெய்து அடிக்காதீர்கள்.