23,000 வரைபடங்களும் ஒரே கையா?

வரைமேசை:
நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏவரி கட்டடக்கலை நூலகத்தைப் பற்றி நண்பர் சமவெளியான் நேற்று இங்கே எழுதியிருந்தார். அதில், "ஃபிராங்க் லாயிட் ரைட் தம் கைப்பட வரைந்த 23,000 வரைபடங்கள் அங்கே உள்ளன" என்று ஒரு வரி வருகிறது. மற்ற வரிகளோடு எனக்கு வழக்கில்லை. அந்தக் 'கைப்பட' என்ற ஒரு சொல்தான் என்னை இரவெல்லாம் உறங்கவிடாமல் செய்தது. முப்பத்தாறு ஆண்டுகள் வரைமேசையில் குனிந்து முதுகை வளைத்துக்கொண்டவன் நான். அமெரிக்கக் கட்டடக் கலைஞரான ரைட் 1867இல் பிறந்து 1959 ஏப்ரலில் மறைந்தார். இருபது வயதில் பென்சிலை எடுத்து இறக்கும்வரை கீழே வைக்கவில்லை என்றே கொண்டாலும், ஆண்டுக்கு 300 தாள்களுக்கு மேல் அவர் வரைந்திருக்க வேண்டும். இடையில் அவர் ஐரோப்பாவுக்குப் போனார், ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களை வாங்கி விற்றார், வழக்குகளில் சிக்கினார், விஸ்கான்சினில் தாம் வாழ்ந்து வேலை பார்த்த டாலியெசின் வீடு 1914இலும் 1925இலும் எரிய, அதை மீண்டும் கட்டினார். இத்தனைக்கும் நடுவில் கைப்பட 23,000 என்றால், அவருக்கு எத்தனை கைகள் இருந்தன என்பதையும் நண்பர் எழுதிவிட்டால் நன்றாக இருக்கும்.

சமவெளியான்:
ஐயா, ஒரு நூலகத்தின் பெருமையைச் சொல்லும் கட்டுரையில் பெருக்கல் வகுத்தல் கணக்குப் போட்ட முதல் வாசகர் நீங்கள்தான். 2012 செப்டம்பரில் ரைட் அறக்கட்டளை தன் ஆவணத் தொகுப்பை ஏவரி நூலகத்துக்கும் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கும் கூட்டாக ஒப்படைத்தது. சுமார் 23,000 வரைபடங்கள், 44,000 ஒளிப்படங்கள், 3,00,000 கடிதத் தாள்கள். காகிதங்கள் நூலகத்துக்கும், மாதிரி உருவங்கள் அருங்காட்சியகத்துக்கும் போயின. ஒரு கட்டடக் கலைஞரின் வாழ்நாள் காகிதங்கள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் வருவது எவ்வளவு பெரிய செய்தி என்பதை விட்டுவிட்டு, ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

ஏட்டறை:
இருவருக்கும் ஒரு விளக்கம். ஆவணக் காப்பகத்தில் 'வரைபடம்' என்பது ஒரே வகைப் பொருள் அன்று. முதல் எண்ணத்தைக் கீறிய பென்சில் தாள், வாடிக்கையாளருக்குக் காட்ட வண்ணம் தீட்டிய தோற்றப்படம், கஞ்சி போட்ட துணியில் மையால் இழுத்த வேலைப்படம், அதிலிருந்து எடுத்த நீல நகலான புளூ பிரிண்ட் ஆகிய எல்லாமே எண்ணிக்கையில் சேரும். ஒவ்வொன்றையும் காக்கும் முறையும் வேறு. துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் கஞ்சி கரைந்து கோடு கலங்கும். டிரேசிங் தாள் மஞ்சளித்து அப்பளமாய் நொறுங்கும். காகிதத்தின் அமிலத்தை முறிக்கக் காரம் சேர்த்துச் செய்த உறைகளை மற்ற தாள்களுக்கு நல்லவை என்று வாங்குவோம். அதே உறையில் புளூ பிரிண்டை வைத்தால் அதன் நீலம் வெளுத்துவிடும். ஆகவே முதலில் எந்த வகையைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொண்டால்...

வரைமேசை:
அம்மையாருக்கு நன்றி. உறைகளைப் பற்றிப் பிறகு பேசுவோம். நான் கேட்பது கையைப் பற்றி. இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் ஊரில் டெரோட்ஸ் என்பவருக்கு 1906இல் ரைட் ஒரு வீடு வடிவமைத்தார். அதன் தோற்றப்படம் அந்தத் தொகுப்பின் அழகான தாள்களில் ஒன்று. இலைகளும் பூக்களும் சட்டத்தைத் தாண்டி வழியும் அந்தப் படத்தை வரைந்தவர் மேரியன் மஹோனி. 1894இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கட்டடக்கலைப் பட்டம் பெற்று, 1895இல் ரைட்டிடம் வேலைக்குச் சேர்ந்தவர். ரைட்டையும் ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியர் ஹிரோஷிகேயையும் பின்பற்றி மஹோனி வரைந்தது என்ற பொருளில் அந்தத் தாளிலேயே ரைட் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். அந்தத் தாளில் அவர் கைப்பட இருப்பது, இதை வரைந்தது தாம் அல்ல என்ற செய்திதான்! நண்பர் சமவெளியான் இதற்கு என்ன சொல்கிறார்?

சமவெளியான்:
ஒரு தாளைக் காட்டி 23,000 தாள்களைத் தள்ளப் பார்க்கிறீர்கள். மேலும், உதவியாளரின் பெயரைத் தம் கையால் எழுதி வைத்த பெருந்தன்மையை நீங்களே நிரூபித்திருக்கிறீர்கள். 1935 செப்டம்பரில் நடந்தது நினைவிருக்கிறதா? ஃபாலிங்வாட்டர் வீட்டின் உரிமையாளர் காஃப்மன் படத்தைப் பார்க்க மில்வாக்கியிலிருந்து டாலியெசினுக்குக் காரில் கிளம்பிவிட்டார். அதுவரை ஒரு கோடும் இழுக்காதிருந்த ரைட் அப்போதுதான் மேசையில் அமர்ந்து, அவர் வந்து சேர்வதற்குள் அருவியின் மேல் நிற்கும் அந்த வீட்டைத் தாளில் இறக்கிவிட்டார். கூட நின்ற மாணவர்களே சொன்ன கதை இது. அவர்களுக்குப் பென்சில் சீவித் தருவதற்கே நேரம் போதவில்லை.

வரைமேசை:
பென்சில் சீவியவர்களைப் பற்றித்தானே ஐயா நானும் பேசுகிறேன். அன்று இரண்டு மணி நேரத்தில் இறங்கியது எண்ணம். அதற்குப் பிறகு கம்பி எங்கே, கற்சுவரின் கனம் எவ்வளவு, படிக்கட்டு எத்தனை அங்குலம் என்று வேலைப்படங்களை இழுத்து முடித்தவர்கள் யார்? 1932இல் டாலியெசினில் தொடங்கிய பயிற்சிக் கூட்டத்தில் இளைஞர்கள் கட்டணம் செலுத்திச் சேர்ந்து, வயலையும் உழுது, படத்தையும் வரைந்தார்கள். ஜான் ஹௌ என்ற தலைமை வரைவாளர் பல ஆண்டுகள் அந்த அறையின் கையாகவே இருந்தார். 1910இல் பெர்லினில் வாஸ்முத் பதிப்பகம் வெளியிட்டு ரைட்டின் பெயரை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் ஃபியசோலே ஊரில் அதன் தாள்களைப் பெரும்பாலும் இழுத்தவர்கள் ரைட்டின் மகன் லாயிடும் டெய்லர் வூலியும். மூலப்படங்கள் பலவற்றில் மஹோனியின் கை. மகனின் கையையும் அப்பாவின் கையாகவே கணக்கில் எழுதிவிட்டீர்களா?

மணற்காற்று:
இந்தச் சண்டையில் முக்கியமான அநியாயத்தை எவரும் பேசவில்லை. அரிசோனா பாலைவனத்தில் ரைட் கட்டிய டாலியெசின் வெஸ்டிலிருந்து அவருடைய தாள்களைப் பெயர்த்து, அவர் வாழ்நாள் முழுவதும் திட்டித் தீர்த்த நியூயார்க் நகரத்தில் கொண்டுபோய் அடைத்திருக்கிறார்கள். வரைந்த மேசை ஓர் ஊரில், வரைந்த தாள் இன்னோர் ஊரில்! பணக்காரப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் தங்கள் அலமாரிக்குள் இழுத்துக்கொள்வதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயர்.

ஏட்டறை:
இருமுறை தீப்பிடித்த வரலாறு உடைய ஒருவரின் காகிதங்களைப் பற்றிப் பேசும்போது 'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேலி செய்வது வியப்பாக இருக்கிறது. ஏவரி நூலகம் நேற்று முளைத்ததும் அன்று. ஹென்றி ஆக்டன் ஏவரி என்ற இளம் கட்டடக் கலைஞர் 1890இல் இறந்தபோது, அவருடைய பெற்றோர் சாமுவேல் புட்னம் ஏவரியும் மேரி ஆக்டன் ஏவரியும் மகனின் நினைவாக அதே ஆண்டில் தொடங்கிய நூலகம் அது. 1934 முதல் கட்டடக்கலை இதழ்களுக்கு அங்கே சொல்லடைவு தயாரித்து வருகிறார்கள். ஓடுகளை அடுக்கடுக்காக ஒட்டி வளைவுக் கூரைகளைக் கட்டிய குவாஸ்தவினோ நிறுவனம் 1962இல் மூடப்பட்டபோது, அந்நிறுவனத்தின் படங்களையும் பதிவேடுகளையும் குப்பைக்குப் போகாமல் தடுத்து ஏவரிக்குக் கொண்டுவந்தவர் கொலம்பியாவின் பேராசிரியர் ஜார்ஜ் காலின்ஸ். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் சிப்பி உணவகத்துக்கு மேலே இருக்கும் குவாஸ்தவினோ கூரையைப் பழுது பார்க்க வருபவர் இன்று எங்கே போவார் என்று நினைக்கிறீர்கள்?

மணற்காற்று:
குவாஸ்தவினோவை நான் கேட்கவில்லை. அந்தக் கூரை நியூயார்க்கில் இருக்கிறது, அதன் படமும் நியூயார்க்கில் இருக்கட்டும். அதே நியாயம் பாலைவனத்துக்குக் கிடையாதா என்றுதான் கேட்டேன். பதில் சொல்ல முடியாதபோது பட்டியல் வாசிப்பது அம்மையாரின் பழைய வழக்கம்.

வரைமேசை:
குவாஸ்தவினோ படங்களிலும் யார் கை இருக்கிறது என்று கேட்டால் நிறுவனத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். கை மறைவதற்குப் பாலைவனமும் நியூயார்க்கும் ஒன்றுதான்.

கோமதிக்கரை:
இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மஹோனியின் கணவர் வால்டர் பர்லி கிரிஃபினும் ரைட்டிடம் வேலை பார்த்தவர்தான். லக்னோ பல்கலைக்கழகத்துக்கு ஒரு நூலகம் வடிவமைக்க 1935இல் வந்தார். மறு ஆண்டு மஹோனியும் வந்து சேர்ந்தார். பயனியர் பத்திரிகைக்கான கட்டடம் உட்படப் பல வேலைகள் கையில் இருந்தபோதே கிரிஃபின் 1937 பிப்ரவரியில் இறந்து அந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்த நூலகம் அவர் வரைந்தபடி கட்டப்படவே இல்லை. இந்த இணையரின் வரைபடங்களும் ஏவரி நூலகத்தில் இருக்கின்றன.

வரைமேசை:
'அவர் வரைந்தபடி' என்கிறீர்களே, அதை வரைந்தவர் யார்? 1912இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரை வடிவமைக்கும் போட்டியில் பரிசு வென்ற திட்டத்தின் படங்களில் மஹோனியின் கை எவ்வளவு என்பதை அறிந்துமா கிரிஃபின் பெயரை மட்டும் எழுதுகிறீர்கள்? சமவெளியானின் நோய் உங்களுக்கும் தொற்றிவிட்டது.

சொல்லாய்வாளன்:
விவாதத்தின் அடிப்படையே பிழை. 'வரைபடம்' என்றால் நிலப்படம். கட்டடத்துக்கு உரியது 'வரைவு'. இதைப் பலமுறை இங்கே எழுதிவிட்டேன்.

வரைமேசை:
சென்ற ஆண்டு புளூ பிரிண்டை 'நீலப்படி' என்று எழுத வேண்டும் என்று நாற்பது பதிவுகள் போட்டு ஒரு நல்ல உரையாடலைக் கொன்றவர் தாங்கள்தானே? என் அலுவலகத்தில் அதை எடுத்துத் தந்த ஊழியர் முதல் தலைமைப் பொறியாளர் வரை எல்லோருக்கும் அது புளூ பிரிண்ட்தான்.

சமவெளியான்:
இப்போது புரிகிறது. ஐயாவின் கோபம் ரைட்டின் மீது அன்று. தம் பழைய அலுவலகத்தின் மீது.

வரைமேசை:
ஆம், அதை மறைக்க நான் வெட்கப்படவில்லை. தாளின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் உண்டு: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். ஒரு பாலத்தின் முழுத் தொகுதியையும் நான் வரைந்து கொடுத்தபோது, முதற்கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு மூன்றாம் கட்டத்தில் மட்டும் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். திறப்பு விழா மலரில் என் படம்தான் அச்சானது; பெயர் வேறு. எனவே யாராவது 'கைப்பட' என்று எழுதினால், அது எவருடைய கை என்று கேட்பேன். ரைட்டின் எண்ணம் என்று எழுதுங்கள், ரைட்டின் அலுவலகம் என்று எழுதுங்கள், ரைட்டின் பெயரால் அமைந்த தொகுப்பு என்று எழுதுங்கள். அதற்கு நானும் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.

சமவெளியான்:
மனம் வருந்துகிறேன் ஐயா. ஆனால் உங்கள் பாலத்துக்காக என் கட்டுரையைத் திருத்த மாட்டேன். எண்ணம் யாருடையதோ கை அவருடையதுதான்.

ஏட்டறை:
வகைகளைப் பிரித்துப் பேசலாம் என்று தொடக்கத்திலேயே சொன்னேன்.

மணற்காற்று:
அரிசோனாவைப் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வரைமேசை:
"எண்ணம் யாருடையதோ கை அவருடையதுதான்" என்ற வரியைப் படி எடுத்து வைத்துக்கொண்டேன். அப்படியானால் டெரோட்ஸ் வீட்டுத் தாளில் ரைட் எழுதிய குறிப்பு பொய்யா? ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை வேண்டும். சற்று முன் கட்டுரையைத் திறந்து பார்த்தேன். 'கைப்பட' இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.