மார்வென்ஸ்டோ அறுப்பின் பண்டிகை: பெருமை குருவானவருக்கா, உழவர்களுக்கா?

மேழி:
இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், அட்லாண்டிக் கடலைப் பார்த்து நிற்கும் செங்குத்துப் பாறைகளின் மேல் அமைந்த மார்வென்ஸ்டோ சேகரத்தின் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள திருச்சபை வட்டாரத்தின்) வரலாற்றை எழுதுவோர், 1834இல் நியமனம் பெற்று 1875இல் இறக்கும்வரை அங்கே குருவாக இருந்த ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கரைத் தாண்டி எதையும் பார்ப்பதில்லை. விளைச்சலுக்காகக் கிறிஸ்தவக் கோயிலில் கடவுளுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையை 1843 அக்டோபர் 1 அன்று அவரே தொடங்கிவைத்தார் என்பதை நான் ஏற்கவில்லை. புதுத் தானியத்தில் சுட்ட அப்பத்தை ஆகஸ்ட் முதல் நாளில் கோயிலுக்குக் கொண்டுவரும் லாமாஸ் வழக்கம் இடைக்காலத்திலேயே இருந்தது. அந்த வட்டாரத்து மண் அமில மண். சிப்பித் தூளால் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடல்மணலைச் சுமந்துபோய்க் கொட்டி அதை விளையவைத்தவர்கள் உழவர்கள். கார்ன்வால், டெவன் மக்கள் வயலுக்குக் கடல்மணல் எடுக்கும் உரிமைக்கு 1609இலேயே சட்டம் உண்டு. 1823இல் திறக்கப்பட்ட பியூட் கால்வாய் வெட்டப்பட்டதே மணலை உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லத்தான்; சக்கரம் பூட்டிய படகுகளை அங்கே சரிவுகளில் இழுத்து ஏற்றினார்கள். விளைச்சலுக்கு இவ்வளவு பாடுபட்டவர்களை விட்டுவிட்டுப் பண்டிகையை ஒருவர் பெயரில் எழுதுவது நியாயமன்று.

கரைநண்பன்:
மணல் பற்றி நீங்கள் சொல்வது முழுவதும் சரி, ஐயா. லாமாஸ் பழையது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் 1843க்குள் அறுவடைக் கொண்டாட்டம் பெரும்பாலும் பண்ணைக்காரர் தம் கூலியாட்களுக்கு வைக்கும் விருந்தாகச் சுருங்கியிருந்தது. அதைச் சேகரத்தார் அனைவருக்கும் உரியதாக்கி, புதுத் தானியத்து அப்பத்தாலேயே திருவிருந்து (இயேசுவின் கடைசி விருந்தை நினைந்து அப்பம் பெறும் சடங்கு) பெற அழைத்தவர் ஹாக்கர். அவருடைய அக்கறைக்கு இன்னொரு சான்று: 1842 செப்டம்பரில் கலிடோனியா என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் அந்தப் பாறைகளில் மோதி உடைந்தபோது பிழைத்தவர் ஒருவரே. இறந்தவர்களை ஹாக்கர் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார். வாளும் கேடயமும் ஏந்திய பெண்ணுருவான அந்தக் கப்பலின் முகப்புச் சிலை அவர்களுடைய கல்லறைக்கு அடையாளமாக நின்றது.

மேழி:
கரையொதுங்கிய உடல்களைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வது அவருடைய கருணையால் மட்டும் வந்ததன்று. 1807இல் ஆன்சன் என்ற போர்க்கப்பல் கார்ன்வாலின் தென்கரையில் உடைந்து, மாண்டவர்களைக் கடற்கரையிலேயே புதைத்ததால் எழுந்த கொதிப்பில், 1808இல் நாடாளுமன்றமே அதற்குச் சட்டம் இயற்றிவிட்டது. பாறைச் சரிவில் உடல்களை மேலே தூக்கி வந்த தோள்களும் குருவானவருடையவை அல்ல.

கரைநண்பன்:
அந்தத் தோள்கள் ஊராருடையவை என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. ஆயினும் சட்டம் செலவையும் பொறுப்பையும்தான் வகுத்தது. பெயர் தெரியாத மாலுமிகளின் சிதைந்த உடல்களைத் தேடி எடுத்து, ஒவ்வொருவருக்கும் முறையான இறுதி ஆராதனை நடத்த வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் விடாமல் நின்றவர் அவர். அதே கல்லறைத் தோட்டத்தைக் கடந்துதான் உழவர்கள் 1843இல் புது அப்பத்துக்காகக் கோயிலுக்குள் போனார்கள். கலிடோனியா மாலுமிகளைப் புதைத்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.