சோப்பு இல்லாம மண்ணெண்ணெய் தண்ணியில நிக்குமா?

துத்தம்_சுண்ணாம்பு: "சோப்பு போடாம எண்ணெயும் தண்ணியும் சேராது, வேதியியல் விதி"ன்னு நேத்து ஒருத்தர் அடிச்சு விட்டிருந்தார். யார் போட்ட விதி? இங்கிலாந்துல வோபர்ன் பழப்பண்ணையில இருந்த பிக்கரிங், மயில்துத்தம்ங்கிற செம்பு உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து விழற வண்டலை வச்சே மண்ணெண்ணெயைத் தண்ணியில துளி துளியா நிறுத்தி, 1907-லயே எழுதிட்டார். நானும் பாட்டில்ல குலுக்கி வச்சேன். மூணு நாளாச்சு. படம் போட்டிருக்கேன்.

காதிசோப்பு: அடிச்சு விட்டவன் நான்தான். படம் பாத்தேன். மேல நீல ஏடு, கீழ தண்ணி. பிரிஞ்சு போச்சு.

துத்தம்_சுண்ணாம்பு: பாலுக்கு மேல ஆடை வந்தா வெண்ணெய் பிரிஞ்சிடுச்சுன்னு அர்த்தமா? ஏடு மேல ஏறியிருக்கு, உள்ள துளி துளியாவே இருக்கு. ஒண்ணோட ஒண்ணு சேரல.

காதிசோப்பு: கீழ தண்ணி. பிரிஞ்சு போச்சு.

ஏற்காடு_காபி: பூச்சிக்கொல்லி பகுதியில இது எதுக்கு? மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தா போர்டோ கலவை, அது பூஞ்சாணக்கொல்லி. நாங்க காபியில இலைத்துரு நோய்க்கு அடிக்கிறது.

துத்தம்_சுண்ணாம்பு: பூச்சிக்கு மண்ணெண்ணெய், பூஞ்சாணத்துக்குச் செம்பு, ஒரே தெளிப்பு. இதுல அழகே வண்டல்தான். பொடிப்பொடியா இருக்கிற துணுக்கு எண்ணெயிலயும் பாதி நனையும், தண்ணியிலயும் பாதி நனையும். ரெண்டுக்கும் நடு எல்லையில போய் உக்காந்துட்டா எழுப்ப முடியாது. துளியைச் சுத்தி ஓடு கட்டின மாதிரி. ஆனா வண்டல் புதுசா இருக்கணும். காய வச்சு இடிச்சுப் போட்டா வேலைக்காகாது.

பழைய_லேப்: பிக்கரிங் முதல் ஆள் இல்ல சார். துணுக்கு எல்லையில உக்காந்து துளியைக் காக்கும்னு ராம்ஸ்டன் 1903-லயே சொல்லிட்டார்.

துத்தம்_சுண்ணாம்பு: இந்த மாதிரிக் கலவைக்குப் பேர் பிக்கரிங் பேர்லதான் நின்னுச்சு. நான் என்ன பண்ண?

காதிசோப்பு: பேர் நின்னுச்சு, எண்ணெய் நிக்கலையே.

ஏற்காடு_காபி: 😂 அண்ணே, கலவையில இரும்புக் கத்தியை முக்கிப் பாத்தீங்களா? செம்பு படிஞ்சா சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம். இலை கருகிடும்.

துத்தம்_சுண்ணாம்பு: முக்கினேன், பளபளன்னுதான் வந்துச்சு. பிளாஸ்டிக் வாளியிலதான் கலக்கினேன், இரும்பு வாளியில இல்ல. இதெல்லாம் எனக்குப் பாடம் எடுக்காதீங்க தம்பி. கருகினதுன்னா, வேப்பெண்ணெயும் காதி சோப்பும் அடிச்சு ஒருத்தரோட வெண்டை கருகுச்சே, அதைப் பேசுவோமா?

காதிசோப்பு: அது உச்சி வெயில்ல அடிச்சதால. மூணு மாசமா இதையே சொல்லிக் காட்டுறீங்க. பேச்சை மாத்தாதீங்க. பிரிஞ்சுதா இல்லையா?

துத்தம்_சுண்ணாம்பு: ஏடு!

பழைய_லேப்: 1903.

ஏற்காடு_காபி: அதெல்லாம் இருக்கட்டும், உங்க ஊர் ரேஷன்ல இன்னும் மண்ணெண்ணெய் ஊத்துறாங்களா?