காயில் விளக்கு அணைந்துவிட்டால் ஹீட்டர் பிளக் சூடாகிவிட்டது என்று அர்த்தமா?

என் டீசல் வண்டியில் காலையில் முதல் ஸ்டார்ட் மட்டும்தான் படுத்தும். சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் சுருள் படம் போட்ட காயில் விளக்கு ஒழுங்காக எரிந்து, ஒழுங்காக அணையும். செல்ஃப் அடித்தால் இன்ஜின் பத்துப் பதினைந்து சுற்று வெறுமனே சுற்றும். அப்புறம் ஒரு சிலிண்டர் பிடிக்கும், வண்டியே குலுங்கும், வெள்ளைப் புகையாகக் கக்கிக்கொண்டு மெல்ல மெல்ல நாலும் சேர்ந்துகொள்ளும். கண்ணை எரிக்கிற பச்சை டீசல் வாடை. சூடேறிவிட்டால் அன்று முழுக்க ஒரு குறையும் சொல்ல முடியாது. ப்ரீ சேம்பர் (டீசல் முதலில் பற்றிக்கொள்ளும் சின்ன அறை) உள்ள பழைய இன்ஜின் என்பதால், அந்த அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், அதாவது குளோ பிளக், இல்லாமல் அதற்குப் பொழுது விடியாது.

நாலு குளோ பிளக்கும் போய்விட்டது என்று முடிவு கட்டி, நாலையும் மாற்றினேன். மறுநாள் காலை அதே குலுக்கல், அதே புகை. கழற்றிப் போட்ட பழைய பிளக்குகளை எடுத்து ஓம் பார்த்தால் நாலும் 1 ஓம் சுற்றித்தான் காட்டின. நல்ல பிளக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு நல்ல பிளக்கையே மாட்டியிருக்கிறேன்!

அப்புறம்தான் சர்க்யூட் பக்கம் திரும்பினேன். பிளக்குகளை இணைக்கிற பித்தளைப் பட்டையிலிருந்து மெயின் வயரைக் கழற்றி, அந்த முனையில் வோல்ட் பார்த்தேன். 12.4. நல்லாத்தானே இருக்கிறது என்று விட்டிருப்பேன். என்னவோ தோன்றி வயரைத் திரும்ப மாட்டி, பிளக் கரண்ட் இழுக்கும்போதே அளந்தேன். பேட்டரி முனையில் 11.6, பட்டையில் 8.1. மூன்றரை வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்றபடிதான் சூடு, அதனால் பிளக்குக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட பாதிச் சூடு. பிளக்குகளுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்தான் ரிலே. மீட்டரின் ஒரு கம்பியை அதன் 30-இலும் (பேட்டரி கரண்ட் உள்ளே வரும் கால்) இன்னொன்றை 87-இலும் (பிளக்குக்கு வெளியே போகும் கால்) வைத்தேன்: 3.1 வோல்ட். கள்வன் அங்கேதான் இருக்கிறான்.

ரிலேயின் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தால், 87-இன் காலைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. தொடுமுனை ஒன்று கரிப்பிடித்து, நடுவில் குழி விழுந்து, ஓரம் மட்டும் மினுங்கியது. அந்த ஓரத்தின் வழியாகத்தான் இத்தனை நாளும் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. ரிலேயை மாற்றியதும் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

காயில் விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். என் வண்டி மாதிரி பழையவற்றில் அது வெறும் டைமர். பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாலும் அது பாட்டுக்கு எரிந்து அணையும்.

* * *

உங்களுக்குத் தொடுமுனை கரிந்தது, எனக்கு ஒட்டிக்கொண்டது. தினமும் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். ஆல்டர்னேட்டரைப் பார்த்தோம், பேட்டரியை மாற்றினோம். ஒருநாள் சாயங்காலம் வண்டியை நிறுத்திச் சாவியை உருவிய பிறகு, எதற்கோ பானெட்டைத் திறந்தபோது ரிலேயில் கை பட்டது. சுட்டது. சாவி இல்லாத வண்டியில் ரிலே ஏன் சுட வேண்டும்? நாலு பிளக்கும் சேர்ந்து 40 ஆம்பியர் ஓயாமல் இழுத்தால் 70 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்காது.

ரிலேயை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. அதற்குள் பிளக்குகள் வெந்துபோயிருந்ததுதான் பெரிய பாடு. அளவுக்கு மீறிச் சுட்டால் முனை வீங்கிவிடும். வீங்கிய முனை ஹெட்டின் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) ஓட்டை வழியாக வெளியே வராது. மூன்று பிளக் எப்படியோ வந்துவிட்டது. நான்காவதில் அவசரப்பட்டேன். பாக்ஸ் ஸ்பானர் கொஞ்சம் பஞ்சு மாதிரி இளகியது, டக் என்றது, மேல் பாதி கையோடு வந்துவிட்டது. மீதி ஹெட்டுக்குள்ளே. ஹெட்டை இறக்கித்தான் எடுத்தோம்.

இப்போது முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிடுகிறேன். இன்ஜினை நன்றாகச் சூடேற்றிய பிறகுதான் கை வைக்கிறேன். கால் சுற்று அவிழ்த்து, கால் சுற்று திருப்பி இறுக்கி, திரும்ப அவிழ்ப்பது. எம்10 பிளக் (10 மில்லிமீட்டர் மரை) 35 நியூட்டன் மீட்டர் வாக்கில் முறிந்துவிடும், எம்8 ஆனால் 20-லேயே. டார்க் ரெஞ்சை (முறுக்கு விசையை அளவாக வைக்கும் ஸ்பானர்) அதற்குக் கீழே வைத்துக்கொண்டு, அதற்குமேல் அசையாவிட்டால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுவேன். புதுசு மாட்டும் முன் அந்தத் துளையில் உள்ள கரியை ரீமர் போட்டுச் சுத்தம் செய்யாவிட்டால் அடுத்த முறையும் இதே கதைதான்.

* * *

அண்ணே, என் கதை வேறு. காமன் ரெயில் இன்ஜின், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் புதிய வகை. ஸ்கேனரில் பி0673 என்ற பிழைக் குறியீடு வந்தது, அதாவது 3-வது சிலிண்டர் குளோ பிளக் சர்க்யூட். முன்பக்கம் பெல்ட் இருக்கும் இடத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி மாற்றினேன். அந்தக் குறியீடு போகவில்லை. சில இன்ஜின்களில் ஃப்ளைவீல் பக்கத்திலிருந்துதான் எண்ணிக்கை தொடங்கும் என்பது அப்போது தெரியாது. நான் மாற்றியது இரண்டாவதை.

கழற்றிய பிளக்கைச் சும்மா சோதித்துப் பார்க்கலாமே என்று பேட்டரியில் நேராக வைத்தேன். கண் இமைக்கும் நேரம் வெள்ளையாகப் பளிச்சிட்டது, அவ்வளவுதான். அது 5 வோல்ட் பிளக். கன்ட்ரோல் மாட்யூல்தான் பேட்டரி மின்சாரத்தை வெட்டி வெட்டி அளவாகக் கொடுக்கும், நாம் 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் அதோடு சரி. நல்ல பிளக் ஒன்றை என் கையாலேயே கொன்றேன். உடம்பில் என்ன வோல்ட் பொறித்திருக்கிறது என்று பார்க்காமல் யாரும் பேட்டரியில் வைக்காதீர்கள். செராமிக் பிளக்காக இருந்தால் கை தவறிக் கீழே போட்டதைக்கூட மாட்டக் கூடாது. விரிசல் கண்ணுக்குத் தெரியாது, முனை உடைந்து சிலிண்டருக்குள் விழும்.

* * *

11, 12 வோல்ட் பிளக் என்றால் அந்தச் சோதனை நல்ல சோதனைதான் தம்பி. உடலை வைஸில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். முனை முதலில் சிவந்து, சிவப்பு மேலே ஏற வேண்டும். நடுவில் சிவந்து முனை கறுப்பாகவே இருந்தால், ஓம் எவ்வளவு நன்றாகக் காட்டினாலும் அந்தப் பிளக் ஆகாது. ஓம் மீட்டரை நான் அறுந்துபோன பிளக்கைக் கண்டுபிடிக்க மட்டும்தான் நம்புவேன். ஒரு ஓமுக்கும் கீழே அளக்கும் இடத்தில் மீட்டர் கம்பியே 0.3 ஓம் சேர்த்துக் காட்டும்.

இன்னொன்று. எனக்கு வந்த ஒரு வண்டியில் பிளக், ரிலே, ஃபியூஸ் எல்லாம் சரி, ஆனால் ரிலேயே இழுக்கவில்லை. கூலன்ட் சென்சார் ஆறிய இன்ஜினை 80 டிகிரி என்று ஈசியூவிடம் (இன்ஜினின் கம்ப்யூட்டர்) சொல்லிக்கொண்டிருந்தது. சூடான இன்ஜினுக்கு எதற்குக் குளோ பிளக் என்று அதுவும் சும்மா இருந்துவிட்டது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கேனரில் கூலன்ட் சூட்டையும் உள்ளே வரும் காற்றின் சூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை. புகையே வராவிட்டால் டீசலே வரவில்லை, ஃபில்டர், டியூப், காற்றுக் கசிவு என்று போக வேண்டும். அதற்குப் பிளக்கைக் கழற்றி என்ன பயன்?

முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி. நாலையும் மாற்றும் முன் ஒன்றையாவது அளக்கவில்லையா?

* * *

அளந்தேன் ஐயா, அதுதான் வெட்கம். வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று புதிதாக வாங்கியிருந்தேன். நாலும் நன்றாக இருந்தால் முதலில் 80 ஆம்பியர் பக்கம் எகிறி, சில நொடிகளில் 40-க்கு இறங்கும், ஒன்று போயிருந்தால் 30-இல் நிற்கும் என்றெல்லாம் படித்துவிட்டு, மெயின் வயரில் மாட்டிச் சாவியைப் போட்டேன். பூஜ்யம். இரண்டாவது முறையும் பூஜ்யம். நாலும் போய்விட்டது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ரிலே மாற்றி வண்டி சரியான பிறகு, ஆசைக்குத் திரும்ப மாட்டிப் பார்த்தேன். அப்போதும் பூஜ்யம்தான். மீட்டரைத் திருப்பி டயலைப் பார்த்தால், ஆம்பியர் என்று போட்ட இடத்தில் அலைக்கோடு மட்டும் இருந்தது. ஏசி மட்டும் அளக்கிற மீட்டர், பேட்டரியிலிருந்து பிளக்குக்குப் போவதோ டிசி.