கொடுவா ரத்தத்தில் வெள்ளணுக்கள்: எப்படிப் பிரித்தறிகிறீர்கள்?

கூண்டில் வளர்த்த கொடுவா மீனின் ரத்தத்தை, அணுக்களுக்கு நிறமேற்றும் லீஷ்மன் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்துவருகிறேன். மனித ரத்தம் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் திகைப்புதான். சிவப்பணு ஒவ்வொன்றுக்கும் நடுவே உட்கரு இருக்கிறது. தட்டணுக்கு ஈடான திராம்போசைட்டும் உட்கரு உள்ள முழு உயிரணு. மனித ரத்தத்துக்கான எண்ணும் இயந்திரத்தில் வைத்தால் சிவப்பணுவின் உட்கருவையெல்லாம் வெள்ளணுக் கணக்கில் சேர்த்துவிடும். கண்ணை நம்புவதைத் தவிர வழியில்லை. கதிர் வடிவத் திராம்போசைட்டில் சிக்கல் இல்லை. உருண்டையாக இருப்பதைத்தான் லிம்போசைட் என்ற வெள்ளணுவின் சிறிய வகையிலிருந்து பிரிக்க முடியவில்லை.

—

ஐயா, உட்கருவை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். லிம்போசைட்டைச் சுற்றி மெல்லிய நீல விளிம்பு இருக்கும்; சிலவற்றில் அது மொட்டு விட்டதுபோல் அங்கங்கே புடைத்திருக்கும். திராம்போசைட்டின் விளிம்பு ஏறக்குறைய நிறமற்றது, கண்ணாடி போல. உட்கரு இன்னும் அடர்ந்திருக்கும், சிலவற்றில் நீளவாக்கில் ஒரு பள்ளமும் தெரியும். சந்தேகம் தீரவில்லையா, பக்கத்தில் இருப்பவற்றைப் பாருங்கள். திராம்போசைட்டுகள் கும்பலாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். வால் ரத்தநாளத்தில் ஊசி ஏற்றித் தடுமாறினால் ரத்தம் உறையத் தொடங்கி, அவை முழுக்க ஒரே மூலையில் ஒதுங்கிவிடும். அந்த ஸ்லைடில் எண்ணி எழுதும் வெள்ளணு விகிதத்துக்கு மதிப்பில்லை. ரத்தம் உறையாமலிருக்க இ.டி.டி.ஏ. மருந்து சேர்த்த குழாயும் சில மீன்களில் சிவப்பணுக்களை உடைத்துவிடுகிறது. நான் ஹெப்பாரின் என்ற வேறொரு உறைதடுப்பு மருந்துக்கு மாறிவிட்டேன், ஸ்லைடில் பரப்பும் ரத்தப் பூச்சை மட்டும் ஊசியிலிருந்து நேராக இழுக்கிறேன்.

பேசோபில் என்ற வெள்ளணுவைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். பல கடல் மீன்களில் அது கண்ணில் படுவதே இல்லை.

—

நியூட்ரோபில் என்ற வெள்ளணுவிலும் கவனம் வேண்டும். மனித நியூட்ரோபில் போல உட்கரு பல மடலாகப் பிரிந்திருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. பெரும்பாலும் அவரை விதை வடிவில் ஓரமாக ஒதுங்கியிருக்கும். மோனோசைட் என்ற வேறொரு வெள்ளணுவாகத் தோன்றிவிடும். மோனோசைட்டின் உடல் சாம்பல் நீலம், உள்ளே சிறு குமிழ்கள் தெரியும்.

—

நீங்கள் எல்லாம் பாக்கியசாலிகள். நான் திருக்கை பார்க்கிறேன். சிவப்புத் துகள் நிறைந்த அணுக்களே இரண்டு மூன்று விதம். ஒரே அணுவுக்கு ஒரு நூலில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர். இப்போதெல்லாம் துகள் உருண்டையா நீளமா, பெரியதா சிறியதா என்று எழுதிவிட்டுத்தான் பெயர் வைக்கிறேன். இன்னொன்று: சுறா, திருக்கை ரத்தத்தில் யூரியா மிகுதி, கிட்டத்தட்ட கடல்நீர் அளவுக்குச் செறிவானது. வழக்கமான 0.9 சதவீத உப்புக் கரைசலில் கலந்தால் அணுக்கள் நீரை உறிஞ்சி வீங்கிவிடும். செறிவை ஈடுசெய்த கரைசல்தான் வேண்டும்.

—

கொடுவாக்காரருக்கு ஒரு கேள்வி: மீனை வலையில் துரத்திப் பிடித்தீர்களா? மிரண்ட மீனில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறி லிம்போசைட் குறையும், நியூட்ரோபில் கூடும். பிறகு நோய் என்று எழுதிவிடப் போகிறீர்கள். கிராம்பு எண்ணெயில் மயக்கி உடனே எடுத்த ரத்தம் இருந்தால், அதன் ஸ்லைடையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.