ஜி1 எழுத்துச் சோதனைக்குப் போகுமுன்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கனடா வந்து இரண்டு மூன்று கிழமைக்குள் எல்லாரும் கேட்கிற கேள்வி, லைசன்ஸ் எடுக்க எங்கே தொடங்குவது என்பதுதான். ஒன்ராறியோவில் முதல் படி ஜி1 என்கிற பழகுநர் லைசன்ஸ். 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். லைசன்ஸ் சோதனைகள் நடத்தும் டிரைவ்ரெஸ்ட் நிலையத்துக்குப் போனால் முதலில் கண் பார்வையைச் சோதிப்பார்கள், பிறகு எழுத்துச் சோதனை. வீதி விதிகளில் 20 கேள்வி, வீதிக் குறியீடுகளில் 20 கேள்வி. இரண்டிலும் தனித்தனியே 16 சரியாக இருக்க வேண்டும். கூட்டிப் பார்க்க மாட்டார்கள். குறியீட்டில் 20க்கு 20 எடுத்து விதிகளில் 15 எடுத்தாலும் சித்தியில்லை.

இதை முக்கியமாக ஊரில் வாகனம் ஓடிய அனுபவத்தோடு வந்தவர்களுக்காக எழுதுகிறேன். ஒருநாளும் ஸ்டியரிங் பிடிக்காத பிள்ளைகள் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறார்கள், போகிறார்கள், எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நான் பார்த்த அளவில் சறுக்குவது பத்துப் பதினைந்து வருடம் ஓடியவர்கள்தான். "ஓடத் தெரியும், கேள்வியை மட்டும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போனால் சரி" என்று போகிறார்கள்.

என் மச்சாளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் 12 வருடம் ஸ்கூட்டி ஓடியவர். வந்த இரண்டாம் மாதமே யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்வித் தொகுப்பை இரவிரவாகப் பாடமாக்கினார். இருநூறு கேள்வி இருக்கும், எதைக் கேட்டாலும் இலக்கத்தோடு மறுமொழி சொல்வார். சோதனையில் குறியீட்டில் 18, விதிகளில் 14. வெளியே வந்து, "எல்லாம் தெரிந்த கேள்விதான், மறுமொழிதான் மாறிப்போச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தத் தொகுப்பை வரிக்கு வரி பார்த்தோம். பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தால் என்ன பொருள் என்று ஒரு கேள்வி. பாதசாரிகள் பொத்தானை அழுத்தி இயக்கும் விளக்கு என்று மறுமொழி போட்டிருந்தது. அது பிரிட்டிஷ் கொலம்பியாவில் சரி. ஒன்ராறியோவில் விட்டு விட்டு எரியும் பச்சை என்றால், எதிரே வருபவர்களுக்குச் சிவப்பு இருக்கிறது, நீங்கள் இடப்பக்கம் திரும்பலாம், நேரே போகலாம், வலப்பக்கமும் திரும்பலாம் என்று பொருள். ஒரே நாடு, ஒரே விளக்கு, பொருள் வேறு. இங்கே ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனிப் போக்குவரத்துச் சட்டம். யாரோ எங்கோ தொகுத்த கேள்விகளை மனப்பாடம் செய்வதில் இருக்கிற ஆபத்து இதுதான். சோதனையில் ஒரு புள்ளி போனால் பரவாயில்லை, நாளைக்குப் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள வன்கூவரில் போய் இதை மாற்றிச் செய்தால் உயிர் போகும்.

ஆகவே அரசின் சாரதிக் கைநூலைப் படியுங்கள். ஒன்ராறியோ அரசின் இணையத்தளத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். அச்சுப் பிரதி வேண்டுமென்றால் டிரைவ்ரெஸ்ட் நிலையங்களில் விலைக்குக் கிடைக்கும். ஒரு கிழமை, நாளுக்கு ஒரு மணித்தியாலம் போதும். பயிற்சிக் கேள்விகளைப் புத்தகம் முடித்த பிறகு செய்யுங்கள், அதுவும் ஒன்ராறியோவுக்கு உரியவையா என்று பார்த்துவிட்டு.

படிக்கும்போது ஊரில் இல்லாத விதிகளில் நேரத்தைப் போடுங்கள். முதலாவது பாடசாலை பஸ். மஞ்சள் பஸ்ஸின் மேலே மஞ்சள் விளக்குகள் விட்டு விட்டு எரிந்தால் நிற்பதற்குத் தயாராக வேண்டும். சிவப்பு விளக்குகள் எரிந்து, பக்கத்தில் நிறுத்தற் பலகை நீண்டால் நின்றே ஆக வேண்டும். பின்னால் வருபவர் குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எதிரே வருபவரும் நிற்க வேண்டும், நம்மவர்கள் பிழை விடுவது இங்கேதான். வீதியின் நடுவே திட்டு வைத்துப் பிரித்திருந்தால் மட்டும் எதிர்ப்பக்கத்தவர் நிற்கத் தேவையில்லை. வெறும் மஞ்சள் கோடு திட்டு ஆகாது. ஏன் இவ்வளவு கடுமை என்று மச்சாள் கேட்டார். அடுத்த நாள் காலை சன்னலருகே கூட்டிப்போய்க் காட்டினேன். பஸ்ஸால் இறங்கிய ஒரு சின்னப் பெடியன் பஸ்ஸுக்கு முன்னாலேயே வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் போனான். தோளுக்கு மேல் பை, தலை பஸ்ஸின் மூக்குக்குக் கீழே. எதிரே வருகிறவருக்கு அவன் வீதிக்கு நடுவே வந்த பிறகுதான் தெரிவான். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி மச்சாளுக்குப் பிழைக்கவே இல்லை. முதல் தடவை பிடிபட்டாலே 400 முதல் 2,000 டொலர் வரை தண்டம், லைசன்ஸில் 6 குற்றப் புள்ளி.

இரண்டாவது, நாலு பக்கமும் நிறுத்தற் பலகை உள்ள சந்தி. முதலில் வந்து முழுமையாக நின்றவர் முதலில் போவார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கம் நிற்பவருக்கு வழி. ஊரில் துணிந்தவர் முதலில் போவார், இங்கே அந்தக் கணக்கு எடுபடாது. மின்சாரம் போய் ட்ரஃபிக் லைட் எரியாவிட்டாலும் இதே விதிதான். சுற்றுவட்டத்தில் இன்னும் கவனம். இலங்கையிலும் இந்தியாவிலும் இடப்பக்கம் ஓடுகிறோம், வட்டத்துக்குள் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழி விடுகிறோம். இங்கே வலப்பக்கம் ஓடுவதால் வட்டம் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகச் சுற்றும், பார்க்க வேண்டியது இடப்பக்கம். புத்தகத்தில் படத்தைப் பார்த்தால் போதாது. மேசையில் ஒரு தட்டை வைத்து விரலால் இரண்டு மூன்று தரம் சுற்றிப் பாருங்கள்.

பாதசாரிக் கடவையில் ஆள் உங்கள் பாதையைத் தாண்டியதும் புறப்படக்கூடாது, வீதியை முழுதாகக் கடந்து முடியும்வரை நிற்க வேண்டும். 2016 இலிருந்து இதுதான் சட்டம். பழைய தொகுப்புகள் இதிலும் காலை வாரும். சைக்கிள்காரரைத் தாண்டும்போது இயன்றவரை 1 மீட்டர் இடைவெளி.

பிறகு எண்கள். இவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு கொப்பி போடுங்கள். மச்சாளின் கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க எண்ணும் அதற்குப் பக்கத்தில் சின்னப் படமும்தான். 3 என்று எழுதித் தீயணைப்புக் குழாய், அதற்கு அத்தனை மீட்டருக்குள் காரை நிறுத்தக்கூடாது. 9 மீட்டருக்குப் பக்கத்தில் சந்தி, 15க்குப் பக்கத்தில் விளக்கு உள்ள சந்தி, அதே 15க்கு ரயில் கடவையும். 60 என்பது முன்னால் போகிற காரை நெருங்கும்போது உயர் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டிய தூரம், 150 என்பது எதிரே வருகிற காருக்கு. அவசர விளக்கோடு போகிற தீயணைப்பு வண்டியின் பின்னால் விட வேண்டிய தூரமும் 150தான். எண்ணைத் தனியே பாடமாக்கினால் சோதனைத் திரையில் நாலு எண் ஒன்றாக வரும்போது குழம்பும். படத்தோடு சேர்த்து வைத்தால் நிற்கும்.

குறியீடுகள் அவ்வளவு கஷ்டமில்லை. நிறத்தையும் வடிவத்தையும் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மஞ்சள் வைர வடிவம் எச்சரிக்கை, செம்மஞ்சள் என்றால் வீதி வேலை, பச்சை வட்டத்துக்குள் இருந்தால் செய்யலாம், சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு விழுந்தால் செய்யக்கூடாது. கடை விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்து குசினி அலுமாரிக் கதவெல்லாம் ஒட்டியிருந்தோம். கறிக்கு உப்புப் போட வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு குறியீட்டைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்று கேட்கிறார்கள். தமிழிலும் எழுதலாம், அந்த வசதி இருக்கிறது. ஆனால் அரசின் கைநூல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் வருகிறது. ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் எழுதப் போனால், படித்த சொல்லும் திரையில் வருகிற சொல்லும் ஒன்றோடொன்று பொருந்தாமல் தடுமாறுவீர்கள். எந்த மொழியில் படித்தீர்களோ அதிலேயே எழுதுங்கள். ஆங்கிலம் ஓரளவு வாசிக்க வருமென்றால் ஆங்கிலம்தான் என் யோசனை, ஏனென்றால் வீதியில் உள்ள பலகைகள் தமிழில் இல்லை. அம்மா, மாமி போன்றவர்களுக்குத் தமிழ்தான் சுகமென்றால் தயங்காமல் தமிழைத் தேர்ந்தெடுக்கட்டும். அவர்களுக்கு வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்து கைநூலைத் தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளே, அந்த ஒரு கிழமையை அம்மாவுக்குக் கொடுங்கள்.

போகும் நாளில் கடவுச்சீட்டு அல்லது நிரந்தர வதிவிட அட்டையின் மூலப் பிரதி வேண்டும், போட்டோ பிரதி செல்லாது. கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் கொண்டுபோங்கள். கட்டணம் சுமார் 160 டொலர், அதற்குள் எழுத்துச் சோதனை, அடுத்த படியான ஜி2 லைசன்ஸுக்குரிய முதலாவது ஓட்டச் சோதனை, 5 வருட லைசன்ஸ் எல்லாம் அடங்கும். தவறினால் மறுபடி எழுதத் தனியாகக் கட்ட வேண்டும், அது பெரிய தொகையில்லை. முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

ஊர் லைசன்ஸை வைத்து வந்தவர்களுக்கு ஒன்று. ஒன்ராறியோவில் குடியேறியதிலிருந்து 60 நாள்தான் அதை வைத்து இங்கே ஓடலாம். ஆனாலும் ஓடிய அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. அதைக் காட்டினால் ஜி1 எடுத்த பிறகு காத்திருக்க வேண்டிய காலம் குறையும். ஒரு வருடத்துக்கு மேல் கணக்கில் எடுக்க வேண்டுமென்றால் லைசன்ஸ் தந்த திணைக்களத்தின் அல்லது தூதரகத்தின் உறுதிக் கடிதம் கேட்பார்கள். இன்னும் விமானம் ஏறாதவர்கள் அதை ஊரிலேயே எடுத்துக்கொண்டு வாருங்கள். இங்கிருந்து கடிதம் போட்டு எடுக்க மாதக்கணக்கில் இழுபடும்.

அனுபவத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஜி1 இலிருந்து அடுத்த படிக்குப் போக 12 மாதம், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி வகுப்பு எடுத்தால் 8 மாதம். அந்தக் காலத்தில் தனியே ஓட முடியாது. நாலு வருடமாவது முழு லைசன்ஸ் வைத்திருக்கும் ஒருவர் முன் ஆசனத்தில் இருக்க வேண்டும். உங்கள் உடலில் ஒரு துளி மதுவும் இருக்கக்கூடாது. 401 போன்ற 400 வரிசை நெடுஞ்சாலைகளிலும் ரொறன்ரோவின் டொன் வலி பார்க்வே போன்ற விரைவுச் சாலைகளிலும் பயிற்றுநர் இல்லாமல் ஏறக்கூடாது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை வாகனமே எடுக்கக்கூடாது. இவை சோதனையிலும் வரும், வாழ்க்கையிலும் வரும். தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட் செய்கிறவர்கள் இந்தக் கடைசி விதியை நன்றாகப் பாருங்கள். வேலை 12 மணிக்கு முடிகிறதென்றால், பக்கத்தில் யார் இருந்தாலும் நீங்கள் ஓடி வீட்டுக்கு வர முடியாது. வேலையில் சேரும்போதே முடிகிற நேரத்தைக் கேட்டு, கூட வேலை செய்கிறவர் ஒருவரோடு வர ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.